ஊறுகாய்ப் பாட்டிலில் பதினோரு உறைகள்

கார்மேகமும் ஐயப்பனும் பேச்சை நிறுத்தி அந்த மார்ச்சோடு எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. அமீரகத்தில், அஜ்மானிலிருந்து மஸ்ஃபூத் மலைப்பக்கம் போகிற வழியில் இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பின் பின்கட்டில், ஒரே ஏசியின் கீழ், ஒரே நீள மேஜையின் இரண்டு முனைகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்கு மற்றவனிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், கேன்டீன் பார்க்கும் முகம்மது சித்தீக் டீ கொண்டு வரும்வரை காத்திருப்பான்.

"பாய், அந்த ஆளுட்ட மெழுகு டப்பாவ மூடி வைக்கச் சொல்லுங்க. தூசி விழுது" என்பான் ஐயப்பன்.

அந்த ஆள் நான்கடி தள்ளித்தான் இருப்பான். காதும் நன்றாகவே கேட்கும். இருந்தாலும் சித்தீக் பாய் திரும்பி, "தம்பி, மெழுகு டப்பாவ மூடணுமாம்" என்பார்.

"மூடுறேன்னு சொல்லுங்க பாய். மூடாம மூஞ்சில அப்பிக்கிட்டா இருக்கேன்னு கேளுங்க" என்பான் கார்மேகம்.

பாய் இதையும் சொல்வார், பின்பாதியை விழுங்கிவிட்டு. அதிராம்பட்டினத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது. இருபது வருட கல்ஃப் வாழ்க்கையில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறார். இரண்டு தமிழர்களுக்கு நடுவில் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை இதுதான் முதல் தடவை.

சண்டை ஒரு பையில் ஆரம்பித்தது. போன ஜூலையில் பித்தளை உறைகள் எண்ணிக்கையில் குறைகின்றன என்று ஐயப்பன் கேட்டில் இருந்த காவலாளியிடம் சொல்லியிருக்கிறான். அன்று மாலை கார்மேகத்தின் பையை மட்டும் வாங்கிக் கவிழ்த்தார்கள். டிரைவர்களும் தோட்டக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, சாப்பாட்டு டப்பாவும் ஒரு கைலியும் மகள் அகிலாவின் பள்ளிக்கூடப் போட்டோவும் மணலில் விழுந்தன. உறை ஒன்றுகூட இல்லை. 'நான் எண்ணிக்கை குறையுதுன்னுதான் சொன்னேன், ஒம் பேரச் சொல்லல' என்று ஐயப்பன் அப்போதே சொன்னான். கார்மேகம் போட்டோவில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டான். அவன் கமுதிக்காரன். கமுதிக்காரனுக்கு அடி பட்டால் மறந்துவிடும், அவமானம் மறக்காது.

இனி அவர்கள் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை யாரும் குப்பையில் போடுவதில்லை. வெடிமருந்து நிரப்பி, குண்டு பொருத்தி, மறுபடியும் சுடலாம். ஆனால் ஒரு தடவை சுட்ட உறை, துப்பாக்கியின் உள்ளறை அளவுக்கு உப்பிப்போயிருக்கும். அதை அமுக்கி அளவுக்குக் கொண்டுவருவது கார்மேகத்தின் பாடு. உறைமேல் விரலால் மெழுகு தடவி, பிரஸ்ஸில் செருகி, கைப்பிடியை இழுத்தால், உறை மேலே திருகி வைத்திருக்கும் எஃகு அச்சுக்குள், அதாவது டைக்குள், ஏறி இறங்கும். மெழுகு குறைந்தால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கூடினால் உறையின் கழுத்துக்குக் கீழே, தோள்பட்டையில், குழி விழும். டை எவ்வளவு கீழே நிற்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மயிரிழை அதிகமாக இறங்கினால் உறை குட்டையாகும். குட்டையான உறை சுடும்போது உள்ளே இழுபடும். அமுக்குவதும் இழுபடுவதுமாக நாலைந்து தடவை போனால் அடிப்பக்கச் சுவர் மெலிந்து, ஒருநாள் அறுந்துவிடும்.

அதற்குத்தான் கம்பி பார்க்கிறது என்று ஒரு வேலை. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டுச் சுவரைத் தடவினால், மெலிந்த இடத்தில் பள்ளம் 'டிக்' என்று தட்டும். இது ஐயப்பன் வேலை. உறைகளைப் பொறுக்கி, கழுவி, கம்பி பார்த்து அனுப்புவான். கார்மேகம் அமுக்கித் திருப்பித் தருவான். ஐயப்பன் நிரப்புவான். சண்டைக்கு முன்னால் கார்மேகமும் நாலைந்து எடுத்து ஒருமுறை தடவிப் பார்ப்பான். பை கவிழ்ந்த நாளிலிருந்து அவன் கம்பியைக்கூடத் தொடவில்லை. அவன் வேலை அவனுக்கு, என் வேலை எனக்கு.

தன் வேலையில் கார்மேகத்துக்குக் கர்வம் உண்டு. அம்பத்தூரில் லேத் ஓட்டிய கை. டையை அளவு பார்த்துப் பூட்டியதும், டையிலிருந்து பிரஸ்வரை குறுக்காகச் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தான். யாராவது டையைத் திருகினால் கோடு விலகிவிடும். ஐயப்பனுக்காகவே போட்ட கோடு அது.

ஜனவரியில் அர்பாப் புது ரைஃபிள் ஒன்று வாங்கினார். கிளப்புக்கு முதலாளி, இவர்கள் எல்லோருக்கும் விசா கொடுத்த கஃபீல் அவர். அந்த வாரம் ஐயப்பன் டீ வேளையில் ஒரு செய்தி அனுப்பினான்.

"பாய், அந்த ஆளுட்ட டையக் கொஞ்சம் மேல தூக்கச் சொல்லுங்க. அர்பாபோட புதுசுல உள்ளறை நீளம். இதே அளவுல அமுக்குனா உறை இழுபடும்."

பாய் அதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். கார்மேகம் டீயை ஆற்றிக் குடித்தான். தூக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்: கிளப்பின் மற்ற மூன்று ரைஃபிளிலும் தோட்டா உள்ளே போகாமல் முட்டும். அப்போது யார் தலை உருளும்? தனித்தனியாக இரண்டு அளவில் செய்யலாம்தான். ஆனால் சொன்னது ஐயப்பன். ஆறு மாதமாகக் குழி பறிப்பவன் திடீரென்று நல்லது சொல்வானா?

"கோடு இருந்த எடத்துலதான் இருக்கும்னு சொல்லுங்க பாய்."

பேச்சு அதோடு முடிந்தது.

மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அர்பாப் தன் ரைஃபிளில் ஆறாவது தடவை சுட்டபோது சத்தம் வேறு மாதிரி வந்தது. உறை நடுவில் அறுந்திருந்தது. முன்பாதி உள்ளறையிலேயே ஒட்டிக்கொள்ள, பின்பக்கமாகச் சீறிய புகை அவர் முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. வலது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, கரும்புள்ளிகள் ஏறியிருந்தன.

அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சனிக்கிழமை காலையில் வருகிறேன்" என்றார் இந்தியில். "யார் தப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும். அவனுக்கு விசா கேன்சல்."

கார்மேகத்துக்கு இருந்த கவலை வேலையைப் பற்றியதல்ல. வேலை போனால் இன்னொன்று. ஏப்ரல் பதினைந்தாம் தேதி அவன் மனைவி நாகஜோதியும் அகிலாவும் விசிட் விசாவில் வருவதாக இருந்தது. அர்பாப்தான் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஏழு வருடத்தில் மூன்று முறை ஊருக்குப் போனதைத் தவிர, மகளோடு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் அவன் இருந்ததில்லை. அஜ்மானில் ஒரு பழைய பிளாட்டில் ஒரு மாதத்துக்கு ஓர் அறை பேசி, மெத்தை, தலையணைகூட வாங்கிப் போட்டாயிற்று. அவன் விசா போனால் அந்த விசாவும் போகும்.

தப்பு தன்னுடையது இல்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மருந்தை ஐயப்பன் கூடப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். சிவப்புக் கோட்டைப் போய்ப் பார்த்தான். ஒரு இம்மியும் விலகவில்லை. என் சாமி, நீ போதும் சாட்சி என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கிளப் மூடியிருந்தது. ஜும்மா முடிந்து வந்த சித்தீக் பாயிடம் கெஞ்சிச் சாவி வாங்கி, பின்கட்டைத் திறந்தான். ஐயப்பன் நிரப்பி வைத்திருந்த தோட்டாக்களில் ஐந்தைப் பிரித்து மருந்தை நிறுத்தான். ஐந்தும் சரியாக இருந்தன. இன்னும் ஐந்தைப் பிரித்தான். அவையும் சரி. தராசைத் தட்டிப் பார்த்தான். தராசும் சரியாகத்தான் இருந்தது.

அப்புறம்தான், எட்டு மாதம் கழித்து, அந்தக் கம்பியைக் கையில் எடுத்தான்.

அர்பாபின் ரைஃபிளில் சுட்ட உறைகளைப் போட்டுவைக்கும் தட்டிலிருந்து எடுத்த முதல் உறையில் ஒன்றும் தட்டவில்லை. இரண்டாவதில் ஏதோ தட்டியது மாதிரி இருந்தது. நாலாவதில் சந்தேகமே இல்லை, 'டிக்' என்றது. அதை வைஸில் கவ்வி, ரம்பத்தால் நெடுக்காக அறுத்தான். இரண்டு பிளவாக விழுந்த உறையின் உள்சுவரில், அடியிலிருந்து ஒரு விரல் மேலே, வளையமாக ஒரு பள்ளம் ஓடியிருந்தது. அந்த இடத்தில் பித்தளை காகிதக் கனம்தான் இருந்தது. லேத் பிடித்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டை இறங்கி நின்றிருக்கிறது. இரண்டு மாதமாக இறங்கியே நின்றிருக்கிறது. தன் கையால், தன் அளவில், தன் கோட்டில்.

"தூக்கச் சொன்னாருல்ல தம்பி, அந்த டீ நேரத்துல..." என்றார் வாசலில் நின்ற பாய், மெதுவாக.

"தெரியும் பாய்" என்றான் கார்மேகம். கோபம் கோபமாக வந்தது. தப்பு செய்ததற்குக்கூட அல்ல. ஐயப்பன் சொன்னது சரியாகப் போயிற்றே என்று வந்த கோபம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் சரியாக இருந்துவிட்டுப் போகட்டும், அவன் இருக்கக் கூடாது.

தராசை அதன் இடத்தில் வைக்க ஐயப்பனின் அலமாரியைத் திறந்தபோது, மருந்து டின்னுக்குப் பின்னால் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே பித்தளை உறைகள். எடுத்துக் கொட்டினான். பதினொன்று. ஒவ்வொன்றிலும் அடிப்பக்கத்தில் வெளியிலிருந்தே தெரியும்படி பளிச்சென்று வளையம். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மார்க்கரில் தேதி எழுதியிருந்தது. முதல் தேதி பிப்ரவரி பன்னிரண்டு. கடைசித் தேதி மார்ச் இருபது.

கார்மேகத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐயப்பன் கம்பி பார்த்திருக்கிறான். மெலிந்த உறை கிடைக்கக் கிடைக்க எடுத்து, நாளைக்கு உதவும் என்று தேதி போட்டுச் சேர்த்திருக்கிறான். அர்பாபிடம் போய்ச் சொல்லவில்லை. தன்னிடமும் மறுபடி சொல்லவில்லை. குவியட்டும், ஒரேயடியாகப் போட்டுக்கொடுக்கலாம் என்று காத்திருக்கிறான். பதினொன்றைப் பிடித்தவன் பன்னிரண்டாவதைக் கோட்டை விட்டுவிட்டான்.

பாய் பாட்டிலையும் கார்மேகத்தையும் பார்த்தார். "பின்னால வாதியில, அந்தக் காஞ்ச ஓடையில, வீசிட்டு வந்துருங்க தம்பி. நான் எதையும் பாக்கல. பொம்பளப் புள்ள வர்ற நேரம்."

வீசியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். பாட்டில் இல்லையென்றால் ஐயப்பன் கையில் வாய்ச்சொல் மட்டும்தான். கார்மேகம் கையிலோ சிவப்புக் கோடு. தப்பித்தாலும் தப்பித்திருக்கலாம். ஆனால் கார்மேகம் அந்தத் தேதிகளையே திரும்பத் திரும்பப் படித்தான். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்பவனின் சிரிப்பு அது. தெரியாமல் செய்தவனுக்கு மன்னிப்பு உண்டு, தெரிந்தே மறைத்தவனுக்கு எந்த ஊரில் மன்னிப்பு? இந்தப் பாட்டிலை ஐயப்பனே தன் கையால் அர்பாப் முன்னால் வைக்கட்டும். அதைவிட வேறென்ன வேண்டும்?

"இருந்த எடத்துலயே இருக்கட்டும் பாய்" என்று சொல்லி, பதினொன்றையும் உள்ளே போட்டு, மருந்து டின்னுக்குப் பின்னால் வைத்தான். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அர்பாப் கன்னத்தில் பஞ்சுக்கட்டோடு வந்து உட்கார்ந்தார். ஐயப்பன் அதற்காகவே வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கேட்கும் முன்பே அலமாரியைத் திறந்து, பாட்டிலை எடுத்து, பதினொன்றையும் மேஜையில் வரிசையாக நிறுத்தினான்.

"பாருங்க அர்பாப். எல்லாம் இந்த ஆள் அமுக்கினது. டையை அதிகமா இறக்கி வைத்திருக்கிறான். நான் தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஆதாரம்" என்றான் இந்தியில். அந்தக் கடைசிச் சொல்லை அவன் எத்தனை நாள் வாய்க்குள் சுவைத்திருப்பானோ தெரியாது.

அர்பாப் கார்மேகத்தைப் பார்த்தார். கார்மேகம் மறுக்கவில்லை. பழக்கதோஷத்தில் அவன் திரும்பியது சித்தீக் பாய் பக்கம்தான்.

"பாய், மொத தேதி என்னன்னு அந்த ஆள வாசிக்கச் சொல்லுங்க."

பாய் அதைச் சொல்லும் முன்பே அர்பாப் முதல் உறையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு அடுத்தது. பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஐயப்பனின் முகம் மூன்றாவது உறையிலேயே வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

"பிப்ரவரியிலேயே உனக்குத் தெரியும்" என்றார் அர்பாப். "பிப்ரவரியிலிருந்து நான் இந்த ரைஃபிளில் கன்னத்தை வைத்துச் சுடுகிறேன்."

"நான் சொன்னேன் அர்பாப்! ஜனவரியிலேயே சொன்னேன், டையைத் தூக்கச் சொல்லி! சித்தீக் பாய்கிட்டக் கேளுங்க, அவர்தான் சொன்னாரு!"

கார்மேகத்துக்கு அப்போதுதான் சுருக்கென்றது. மற்றவன் கணக்கில் இருந்த ஓட்டையை மட்டுமே இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன், தன் கணக்கில் இருந்த ஓட்டையை மறந்துவிட்டான். தெரியாமல் செய்தவன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வழியே இல்லை. பாயைப் பார்த்தான். பாய் பார்வையைத் தாழ்த்தினார்.

"வல்லாஹி சொல்லு சித்தீக்" என்றார் அர்பாப். "நீ இவனிடம் சொன்னாயா?"

அல்லாவின் பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டார். வாதியில் வீசச் சொன்னவர்தான். பொய் ஆணையிட அவரால் முடியாது.

"சொன்னேன் அர்பாப். அவருக்கு நல்லாக் கேட்டுச்சு."

அர்பாப் உறைகளைப் பாட்டிலில் போட்டு மூடினார். "ஒருவனுக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை. ஒருவனுக்குச் சொன்னார்கள், கேட்கவில்லை. நடுவில் என் முகம்" என்றார். "இரண்டு பேரும் கேன்சல். கலாஸ், முடிந்தது."

"அர்பாப், என் சம்சாரம், புள்ள... விசிட் விசா..."

"அதுவும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது இரண்டு பேரும் வராந்தாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தீக் பாய் இரண்டு டீயைக் கொண்டு வந்து, இரண்டையும் நடுவில் இருந்த ஸ்டூலில் வைத்தார்.

"இனிமே எதுவா இருந்தாலும் நீங்களே பேசிக்கிடுங்க. என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டீ ஆறும்வரை இருவரும் எடுக்கவில்லை. கார்மேகம் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். அகிலாதான் எடுத்தாள்.

"அப்பா, நானே கூப்புடணும்னு இருந்தேன். பொட்டில எடம் பத்தல. கருவாடு கொண்டாந்தா ஏர்போர்ட்ல புடிச்சுருவாங்களாப்பா? அம்மா கேக்கச் சொல்லுச்சு."

"வர வேணாம்த்தா."

"என்னப்பா?"

"வேல போயிருச்சு. நான் அங்க வந்துருவேன்."

அவள் அழாமல் கேட்டாள். அழுதிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். "ஏன்ப்பா, நீங்க என்ன செஞ்சீங்க?"

எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த வசவுகள் அவன் வாயில் நின்றன. எதை எடுத்தாலும் அது அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை.

"ஒருத்தன் ஒரு வேலையச் சொன்னான்த்தா. சரியாத்தான் சொன்னான். சொன்னவன் அவன்ங்கிறதுக்காக நான் செய்யல."

வராந்தாவின் மறுமுனையில் ஐயப்பன் தலையைத் தூக்கினான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல், நேராக இவனைப் பார்த்துப் பேசினான்.

"நேர்ல வந்து சொல்லிருந்தா மட்டும் கேட்டிருப்பியாக்கும்?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றான் கார்மேகம்.

"பொறவு என்ன" என்று சொல்லிவிட்டு ஐயப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போனில் அகிலா இன்னும் இருந்தாள். "யாருப்பா அது, பக்கத்துல பேசுறது?"

"யாருமில்லத்தா" என்றான் கார்மேகம்.